அறையின் மூன்று பெயர்கள்: ‘மி நோச்சே த்ரிஸ்தே’ என்னும் டாங்கோ பாடலின் பொருளும் சொல்லாட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

அர்ஜென்டினாவின் டாங்கோ இசைப்பாடல் மரபுக்குத் தொடக்கமாகக் கருதப்பெறும் ‘மி நோச்சே த்ரிஸ்தே’ (என் துயர இரவு), காதலி விட்டுச்சென்ற ஒருவனின் புலம்பலாகவே பெரும்பாலும் வாசிக்கப்பெற்று வந்துள்ளது. அப்பாடலின் ஐந்து பகுதிகளிலும் கொச்சைவழக்குச் சொற்கள், தன்மை இடச் சொற்கள், அறையைக் குறிக்கும் பெயர்கள் ஆகியன எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. குற்றச்சாட்டாகத் தொடங்கும் கூற்று படிப்படியாகத் தன் மொழியையும் தன்னையும் விட்டுக்கொடுத்து அறைப்பொருள்களிடம் ஒப்படைக்கப்படுகின்றது என்பதும், பிரிந்து சென்றவளின் விருப்பத்துக்குப் பாடலில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று அங்கு இல்லாத பொருளே என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: டாங்கோ, லுன்ஃபார்தோ, கொந்தூர்சி, கூற்று, அறைப்பொருள்கள், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

டாங்கோ என்றவுடன் நடனமே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு தொடங்கி, புவெனோஸ் ஐரிஸ் நகர மக்கள் டாங்கோவைக் கால்களால் அறிந்த அளவிற்குச் செவியாலும் அறிந்தனர். பாடற்சொற்கள் இதழ்களில் அச்சாயின, இசைத்தட்டுகளில் பரவின, நாடக மேடைகளில் பாடப்பெற்றன. இம்மாற்றத்தின் முதற்படியாகப் பாஸ்குவால் கொந்தூர்சி (1888–1932) இயற்றிய ‘மி நோச்சே த்ரிஸ்தே’ சுட்டப்படுகின்றது.

‘முதல் டாங்கோ பாடல்’ என்று இதனைக் குறிப்பிடும் வழக்கம் அவ்வளவு பொருத்தமுடையதன்று. ஆங்ஹெல் வில்லோல்தோ 1903-இல் ‘எல் போர்த்தெனீத்தோ’வையும், 1905-இல் ‘லா மொரோச்சா’வின் பாடற்சொற்களையும் தந்துவிட்டார். எனினும் அப்பாடல்களின் பேசுவோர் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்வோர். தம் அழகையும் ஆட்டத்திறனையும் துணிவையும் எடுத்துரைப்போர். அவர்களுக்கு நடந்து முடிந்த நிகழ்வு என ஒன்று இல்லை. ஆதலின் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. கொந்தூர்சியின் பாடலிலோ பேச்சு தொடங்குமுன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. புதுமை எனப்படுவது இக்கால இடைவெளியே.

பாடல் தோன்றிய சூழல்

இப்பாடலுக்கு இசையே முந்தியது. சாமுவேல் காஸ்த்ரியோத்தா ‘லித்தா’ என்னும் பெயரில் சொல்லில்லாத இசைக்கோவையாக அமைத்திருந்த டாங்கோவுக்குக் கொந்தூர்சி சொற்களைப் பொருத்தினார். மொந்தேவிதேயோவின் கேளிக்கைவிடுதிகளில் கையில் கித்தாருடன் பாடிவந்த காலத்தில், வழக்கிலிருந்த டாங்கோ இசைகளுக்குச் சொல் அமைப்பது அவருடைய பழக்கமாயிருந்தது. அதுவரை நாட்டுப்புறப் பாடல்களையே பாடிவந்த கார்லோஸ் கார்தேல், ஹோசே ரிக்கார்தோவின் கித்தார்த் துணையுடன் 1917-இல் ஓதியோன் நிறுவனத்துக்காக இதனை இசைத்தட்டில் பதிவு செய்தார். 1918-இல் ஹோசே கொன்சாலெஸ் காஸ்தீயோவும் ஆல்பெர்த்தோ வெய்ஸ்பாக்கும் எழுதிய ‘லோஸ் தியெந்தெஸ் தெல் பெர்ரோ’ என்னும் நாடகத்தில் மனோலிதா போலி என்னும் நடிகை இதனைப் பாடினார். ரொபெர்த்தோ ஃபிர்ப்போவின் இசைக்குழு மேடையிலேயே அமர்ந்து இசைத்தது. பாடல் நகரெங்கும் பரவுவதற்கு இந்நாடகம் பெருங்காரணமாயிற்று.

நகரின் நிலையும் கருதத்தக்கது. 1914-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி புவெனோஸ் ஐரிஸில் வாழ்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டிற் பிறந்தோர். அவருள் இத்தாலியரும் ஸ்பானியரும் மிகுதி. ஆடவர் தொகை பெண்டிர் தொகையை விஞ்சியிருந்தது. தனி ஆடவர் வாடகைக்கு எடுத்துத் தங்கும் ஒற்றை அறை அந்நகர வாழ்வின் பொதுவான இருப்பிடமாயிற்று. இப்பாடல் முழுவதும் நிகழ்வது அத்தகைய ஓர் அறையினுள்ளேயே. தெரு, மதுக்கடை, நடனக்கூடம் எதுவும் பாடலுக்குள் வருவதில்லை.

லுன்ஃபார்தோவின் வருகையும் விலகலும்

பாடலின் முதற்சொல்லே ‘பெர்காந்தா’ என்னும் லுன்ஃபார்தோச் சொல். காதலனின் நோக்கில் பெண்ணைச் சுட்டும் சொல் இது. லுன்ஃபார்தோ என்பது குடியேறிகளின் பல மொழிகளும் நகர அடித்தட்டு வழக்கும் கலந்து, ஸ்பானிய இலக்கணக் கட்டமைப்பிற்குள் வழங்கிய சொற்றொகுதி; தனிமொழி அன்று. தொடக்ககால ஆய்வாளர் இதனைக் குற்றவாளிகளின் குழூஉக்குறியாகவே கண்டனர். 1894-இல் அந்தோனியோ தெல்லெபியானே வெளியிட்ட அகராதியுடன்கூடிய நூலின் தலைப்பே ‘குற்றத்தின் மொழி’ என்பதாகும்.

இப்பின்னணியில், ‘காம்பனெயார்’ என்னும் வினையைக் கொந்தூர்சி கையாளும் இடம் நுணுகி நோக்கத்தக்கது. திருட்டு நிகழும்போது யாரேனும் வருகின்றனரா என்று காவல் நிற்கும் கூட்டாளிக்குக் ‘காம்பனா’ என்று பெயர். அதனடியாகப் பிறந்த வினை உற்று நோக்குதலைக் குறிக்கும். பாடலில் பேசுவோன் தன் அறைக்கு வந்து, நெடுநேரம் நின்று, காதலியின் படத்தைப் பார்ப்பதற்கு இவ்வினையே ஆளப்படுகின்றது. காவல் நிற்பவன் வரவிருக்கும் ஒருவரை எதிர்நோக்கி நிற்பவன். படத்தின் முன் நிற்பவனும் அத்தகையவனே, வருவோர்தாம் இல்லை. திருடர் சொல் ஒன்று இங்கே ஏக்கத்தின் சொல்லாகிவிடுகின்றது. சொல் மாறவில்லை, அது நோக்கும் திசையே மாறியுள்ளது.

பரவலாக அச்சிடப்பெறும் பாடத்தின்படி பாடல் ஐந்து பகுதிகளையும் நாற்பத்திரண்டு அடிகளையும் கொண்டது. அடிகள் பெரும்பாலும் எட்டு அசைகளால் ஆனவை (அசை என்பது இங்கு ஒலியனியற்பொருளிலேயே கொள்ளப்படுகின்றது, தமிழ் யாப்பின் நேரசை, நிரையசை அல்ல). முதற்பகுதியில் மூன்று லுன்ஃபார்தோச் சொற்கள் உள்ளன: பெண்ணைக் குறிக்கும் ‘பெர்காந்தா’, கைவிடுதலைக் குறிக்கும் ‘அமுரார்’, குடித்து மயங்குதலைக் குறிக்கும் ‘என்குர்தெலார்சே’. இரண்டாம் பகுதியில் அறையைக் குறிக்கும் ‘கோதோர்ரோ’, மேற்கூறிய ‘காம்பனெயார்’ என இரண்டு. மூன்றாம் பகுதியில் கட்டிலுக்கு ‘காத்ரேரா’, சினத்துக்குக் ‘காப்ரேரோ’ என இரண்டு. நான்காம் பகுதியில் அறைக்குரிய மற்றொரு சொல்லாகிய ‘புலின்’ மட்டுமே. ஐந்தாம் பகுதியில் ஒன்றுகூட இல்லை. பேச்சுவழக்கில் ‘பொருட்டு’ என்னும் பொருள்தரும் இடைச்சொல் குறுகி ஒலிக்கும் வடிவமும் முதல் மூன்று பகுதிகளில் பகுதிக்கு ஒருமுறை வந்து, பின் மறைந்துவிடுகின்றது.

இக்குறைவு தற்செயலாகவும் இருக்கலாம். ஆயின் தன்மை இடச் சொற்களின் போக்கும் இதனோடு ஒத்துச் செல்வது அவ்வையத்தை வலுவிழக்கச் செய்கின்றது. முதல் மூன்று பகுதிகளிலும் ‘நான்’ செயலாற்றுகின்றான்: குடிக்கின்றான், வருகின்றான், நிற்கின்றான், படுக்கின்றான், பண்டம் வாங்கி வருகின்றான். நான்காம் பகுதியில் தன்மை இடச்சொல் ஒன்றுமே இல்லை; வினைமுற்றிலும் இல்லை. ஐந்தாம் பகுதியின் ஈற்றில், பாடலின் தலைப்பாகிய தொடரில், ‘என்’ என்னும் உடைமைச்சொல்லாக மட்டும் அவன் மீள்கின்றான். அப்போது அவனுக்கு உடைமை என எஞ்சியிருப்பது அவ்விரவு ஒன்றே.

முதற்பகுதியின் உருவகங்களும் இவ்வாறே கைவிடப்படுகின்றன. புண்பட்ட உயிர், இதயத்தில் தைத்த முள், எரியும் கனவு என அங்கு வருவன அக்கால ஐரோப்பியக் காதற்பாடல்களில் தேய்ந்துபோன உருவகங்கள். தெருச்சொற்களுக்கு அருகில் அவை சற்றே ஒட்டாமலும் நிற்கின்றன. கொந்தூர்சியின் குறைபாடு என்று அதனைக் கூறுவோர் உளர். இரண்டாம் பகுதியில் அவன் அறைக்குள் நுழைந்தபின் இத்தகைய உருவகம் ஒன்றேனும் வருவதில்லை. பொருள்கள் வந்துவிட்ட பிறகு உருவகத்துக்கு வேலையில்லை.

அறைக்கு மூன்று பெயர்கள்

அறை இப்பாடலில் மூன்று பெயர்களால் சுட்டப்படுகின்றது. இரண்டாம் பகுதியில் ‘கோதோர்ரோ’. நான்காம் பகுதியில் ‘புலின்’. ஐந்தாம் பகுதியில், விளக்கைப் பற்றிச் சொல்லுமிடத்தில், எந்த ஸ்பானிய அகராதியிலும் காணக்கூடிய பொதுச்சொல்லாகிய ‘குவார்தோ’. முன்னிரண்டும் ஆடவன் ஒருவன் பெண்ணுடன் கூடியிருக்க வைத்துக்கொள்ளும் இடம் என்னும் சாயலை உடையவை. மூன்றாவது வெறும் அறை; நான்கு சுவர்; யாருடையதாகவும் இருக்கலாம். அவள் இல்லாத இடம் ‘புலின்’ என்னும் பெயருக்குரிய தகுதியை இழந்து ‘குவார்தோ’ ஆகிவிடுவதே பாடலுக்குள் நிகழும் ஒரே நிகழ்ச்சி எனலாம்.

பிற்கால வரலாறு ஒன்று இவ்வேறுபாட்டின் எடையை உணர்த்துகின்றது. 1943-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் வானொலியில் லுன்ஃபார்தோச் சொற்கள் கட்டுப்படுத்தப்பட்டன. பல பாடல்களின் சொற்களும் தலைப்புகளும் மாற்றப்பட்டன. செலெதோனியோ ஃப்ளோரெஸ் இயற்றிய ‘எல் புலின் தெ லா காயே அயாகூச்சோ’, ‘மி குவார்தீத்தோ’ (என் சிற்றறை) ஆனது. ‘புலின்’ நீங்கிக் ‘குவார்தோ’ வந்தமர்ந்த அதே மாற்றம். ஆட்சியாளர் அதனை மொழித்தூய்மை என்று கருதினர். கால் நூற்றாண்டுக்கு முன்னரே கொந்தூர்சி அதே இரு சொற்களை அடுத்தடுத்து நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது எத்தகைய இழப்பு என்பதைக் காட்டியிருந்தார். ஒரே மாற்றம் ஓரிடத்தில் கவிதையாகவும் மற்றோரிடத்தில் தணிக்கையாகவும் அமைகின்றது.

பொருள்களின் வரிசை

படம், கதவு, பண்டமும் மாத்தேயும், கட்டில், குப்பிகள், கண்ணாடி, கித்தார், விளக்கு என்ற வரிசையில் அறைப்பொருள்கள் வருகின்றன. இவற்றுள் சில விரைந்து கடந்துவிடத்தக்கவை, சில அவ்வாறல்ல.

கதவை அவன் இரவில் மூடுவதில்லை. திறந்திருந்தால் அவள் திரும்பக்கூடும் என்ற எண்ணத்தைத் தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்கின்றான். அவன் நம்புகின்றான் என்று பாடல் கூறவில்லை. அம்மயக்கத்தை அறிந்தே ஏற்கின்றான் என்கின்றது. மாத்தே பற்றிய குறிப்பு அப்பண்பாட்டை அறியாதார்க்கு எளிதில் புலப்படாதது. மாத்தே ஒரே சுரைக்குடுவையில், ஒரே உறிஞ்சுகுழலால், ஒருவர் பருகி மீண்டும் வெந்நீர் ஊற்றி அடுத்தவர்க்குக் கைமாற்றும் பானம். தனியே பருகுவோரும் உளர். ஆயினும் அதன் இயல்பு கைமாறுதலே. அவள் இருப்பதாகவே எண்ணி அவன் சிறு பிஸ்கட்டுகளை வாங்கி வருகின்றான் என்னும்போது, குடுவை யாரிடம் நீட்டப்படுகின்றது என்னும் வினா சொல்லப்படாமலே எழுகின்றது. இப்பகுதியில் பிஸ்கட்டும் மாத்தேயும், அடுத்த பகுதியில் குப்பிகளும் அவற்றின் நாடா முடிச்சுகளும் சிறுமைப்பொருள் விகுதி பெற்று வருகின்றன. தெருமொழியின் முரட்டுத்தன்மைக்கு நடுவே வீட்டுமொழியின் குழைவு இவ்விகுதிகளால் நுழைகின்றது.

கட்டில் சினங்கொள்கின்றது, இருவரையும் ஒருசேரக் காணாமையால். இவ்விடம் நகைச்சுவை உடையது. ‘காத்ரேரா’, ‘காப்ரேரா’ என்னும் இயைபு கேட்போரைச் சிரிக்க வைத்திருக்கும். மேடைப் பார்வையாளர் நிச்சயம் சிரித்திருப்பர். டாங்கோவைத் துயரத்தின் வடிவமாக மட்டும் கொண்டாடும் திறனாய்வு இந்நகையைப் பொருட்படுத்தாமை ஒரு குறையே. தன் துயரத்தைப் பிறர் பார்த்துச் சற்றே நகைப்பதற்கு இடம்தருபவன் தன்னிரக்கத்தில் முழுவதும் மூழ்கியவன் அல்லன்.

கண்ணாடி மங்கியிருக்கின்றது, அழுததுபோல் தோன்றுகின்றது. ‘போல்’ என்னும் தடை இங்கு உண்டு. இறுதியில் வரும் விளக்குக்கு அத்தடை இல்லை: அது ஒளிதர மறுத்துவிட்டது, அவ்வளவே. ஒப்புமையிலிருந்து நேர்க்கூற்றுக்குப் பாடல் நகர்ந்துவிட்டது. விளக்கு எரியவில்லையெனின், அதுவரை எண்ணப்பெற்ற பொருள்களை அவன் எவ்வாறு கண்டான் என்னும் ஐயமும் எழுகின்றது. இருளில் நினைவாலேயே அவன் அறையைத் தடவிச் சென்றான் என்று கொள்வதற்குப் பாடம் இடந்தருகின்றது, வலியுறுத்தவில்லை.

கித்தார் துணிப்பேழையினுள் தொங்குகின்றது. அதனை இசைத்துப் பாடுவார் யாருமில்லை. இசைத்தட்டில் இவ்வடிகளைக் கேட்போர் ஒரு முரணை எதிர்கொள்கின்றனர். கித்தார் ஊமையாயிற்று என்று கார்தேல் பாடும்போது அதற்குத் துணையாக ஒலிப்பது ரிக்கார்தோவின் கித்தாரே. அக்கித்தாரை முன்பு வாசித்தவர் அவனா அவளா என்பதையும் பாடல் சொல்வதில்லை.

இல்லாத குப்பிகள்

நான்காம் பகுதியின் தொடக்கத்தில், ஒரே நிற நாடாக்கள் முடிந்து அழகுற அமைக்கப்பெற்றிருந்த சிறு குப்பிகள் இப்போது அறையில் இல்லை என்று கூறப்படுகின்றது. மற்றப் பொருள்கள் எல்லாம் அறையில் தங்கி அவனோடு சேர்ந்து வருந்துகின்றன. இவை மட்டும் போய்விட்டன. நாடாவின் நிறம் ஒத்திருக்குமாறு பார்த்துப் பார்த்து முடிந்தவள் அவளாதல் வேண்டும். எடுத்துச் சென்றவளும் அவளே ஆதல் வேண்டும். வெகுண்டு ஓடியவள் குப்பிகளை எண்ணி எடுத்துச் செல்ல நேரம் கண்டிருக்க மாட்டாள்.

இதன் இன்றியமையாமை பாடலைப் பற்றிய நெடுங்கால விவாதம் ஒன்றோடு தொடர்புடையது. பேசுவோன் அப்பெண்ணின் ஈட்டத்தில் வாழ்ந்தவன் என்றும், அவன் இழந்தது காதலியை மட்டுமன்று வருவாயையும் என்றும் கொள்ளும் வாசிப்பு உண்டு. அக்கால நகர்ச்சூழலும் ‘பெர்காந்தா’, ‘புலின்’ ஆகிய சொற்களின் சாயலும் அதற்கு இடந்தருவன. இதற்கு எதிராக, பேசுவோனைக் களங்கமற்ற காதலனாகக் காண்போர் முதற்பகுதியின் உருவகங்களைச் சான்றாகக் காட்டுவர். பாடல் இரண்டையும் உறுதிசெய்யவில்லை. அவள் ஏன் சென்றாள் என்பதற்கு நாற்பத்திரண்டு அடிகளில் ஒரு சொல்லும் இல்லை. அவன் அறிந்தும் மறைக்கின்றானா, அறியவே இல்லையா என்பதும் தெளிவன்று. தான் நேசிப்பதை அறிந்திருந்தும் சென்றாள் என்ற குற்றச்சாட்டு முதற்பகுதியோடு நின்றுவிடுகின்றது, மீண்டும் எழுப்பப்படுவதில்லை. அக்குற்றச்சாட்டுக்கு அவள் தரப்பு மறுமொழி ஒன்று பாடலில் உண்டெனில், அது அக்குப்பிகளின் இன்மையே. அவை அவளுக்கு உரியன. அவற்றோடு அவள் தன் விருப்பப்படி சென்றாள். பேசுவோனே அதனை அறியாமல் நமக்குத் தெரிவித்துவிடுகின்றான்.

போர்ஹெஸ் முதலியோர் பழைய டாங்கோவின் துணிவையும் களிப்பையும் போற்றி, பின்வந்த புலம்பற்பாடல்களை வீழ்ச்சியாகக் கண்டனர். அம்மதிப்பீடு பின்வந்த போலிகள் பலவற்றுக்குப் பொருந்தும். கொந்தூர்சிக்குப் பின் கைவிடப்பட்ட ஆடவன் டாங்கோவின் வாய்பாடாகவே ஆகிவிட்டான். கொந்தூர்சியே ‘தெ வுயெல்தா அல் புலின்’ போன்றவற்றில் அவ்வறைக்குத் திரும்பச் சென்றார். ஆயினும் முதற்பாடலை அதன் நகல்களைக் கொண்டு அளத்தல் முறையன்று.

பாடுவோர் பாலும் மொழிபெயர்ப்பும்

1918-இல் இதனை மேடையில் பாடியவர் பெண் என்பது மேலே சுட்டப்பட்டது. ஸ்பானிய மொழியில் பெயரடைகள் பால் காட்டுவன. ‘தனித்தவன்’, ‘தனித்தவள்’ என்னும் வேறுபாடு பெயரடையிலேயே வெளிப்படும். இத்தகைய புலம்பலில் பேசுவோர் தம்மைப் பற்றி அத்தகைய அடைகொண்டு கூறுதல் மிக எளிது. ஆயின் இப்பாடலில் பேசுவோரின் பாலைக் காட்டும் அடை ஒன்றும் இல்லை. ‘துயருற்ற’, ‘கைவிடப்பட்ட’ என்னும் பொருளுடைய அடைகள் இரண்டாம் பகுதியில் உண்டு. அவை ஏற்றப்படுவது அறையின்மீது. தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதை அவன் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகின்றான். முன்னிலையாள் பெண் என்பது மட்டுமே ‘பெர்காந்தா’வால் உறுதியாகின்றது.

தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. ஆகவே ஸ்பானிய மொழியில் பால்காட்டும் அடையைத் தவிர்த்ததால் கிட்டிய இந்நிலை தமிழாக்கத்தில் இயல்பாகவே அமைந்துவிடும். தன்மை விகுதியுடைய வினைகள் மூன்றாம் பகுதிக்குப்பின் மறைவதையும் தமிழ் வினைமுற்றுகள் தெளிவாகக் காட்டும். ஸ்பானிய மொழியில் அப்பகுதிக்குரிய ‘வோஸ்’ என்னும் முன்னிலைக்கு ‘நீ’ போதுமானது. இடர்ப்பாடு லுன்ஃபார்தோவில்தான் தோன்றும். சென்னைத் தமிழைக் கொண்டு அதனை ஈடுசெய்தால் அறை புவெனோஸ் ஐரிஸை விட்டு நீங்கிவிடும். பொதுத்தமிழில் தந்தால் முதற்பகுதிக்கும் ஐந்தாம் பகுதிக்கும் இடையிலுள்ள இறக்கம் அழிந்துவிடும். இரண்டுள் பின்னதே பெரிய இழப்பு. எனவே முதல் நான்கு பகுதிகளில் எவ்வட்டாரத்தையும் அழுத்தமாகச் சுட்டாத பேச்சுநடையைக் கொண்டு, ஐந்தாம் பகுதியில் மட்டும் எழுத்துநடைக்குத் திரும்புதல் ஏற்கத்தக்க வழியாகத் தோன்றுகின்றது. ‘குவார்தோ’வுக்கு ‘அறை’ என்பது சிக்கலின்றிப் பொருந்தும். ‘கோதோர்ரோ’வுக்கு ‘ஜாகை’ ஓரளவு நெருங்கி வரும். ‘புலின்’ என்பதற்கு, இருவர் கூடியிருந்த இடம் என்னும் சாயலும் வாடகைக் குடியிருப்பு என்னும் சாயலும் ஒருசேர அமைந்த தமிழ்ச்சொல் எளிதில் கிட்டுவதில்லை. அவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் அச்சொல்லை அப்படியே விட்டுவைத்தல் நன்று.